மாடியில் ஹைட்ரோபோனிக்ஸ்: ஊட்டக் கரைசலுக்குப் புட்டியா, பொடியா, தனி உப்புகளா?

மண்ணில்லாமல் கீரையும் லெட்யூஸும் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் குழாய், பம்பு, வலைக்கூடை எல்லாம் வாங்கி முடித்தபின் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: செடிக்குச் சாப்பாடு எது? ஒருவர் ஏ, பி என்று இரண்டாக வரும் திரவ உரப் புட்டி என்கிறார். இன்னொருவர் உரக்கடையில் கிலோ கணக்கில் உப்பு வாங்கிக் கலந்தால் பாதிச் செலவுகூட ஆகாது என்கிறார். மூன்றாமவர் பஞ்சகவ்யமே போதும் என்கிறார். மூன்று பேருமே தங்கள் தோட்டத்தில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் தொட்டியில் இருக்கும் தண்ணீர் உங்கள் தொட்டியில் இல்லை. எந்த உரம் என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பதிலைத் தண்ணீரும், மாதம் எத்தனை லிட்டர் கலக்கிறீர்கள் என்ற கணக்கும் சொல்லிவிடும். விலைப் பட்டியலை அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

தண்ணீர். வெறும் தண்ணீரின் இசியை, அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை, முதலில் அளந்துகொள்ளுங்கள். சென்டிமீட்டருக்கு 0.3 மில்லி சீமன்ஸுக்குள் இருந்தால் எந்த வழியும் ஓடும். 0.3 முதல் 0.8 வரை கவனம் தேவை. 0.8-ஐத் தாண்டினால் மழைநீரோ ஆர்ஓ நீரோ பாதிக்குப் பாதி சேர்க்காமல் தொடங்க வேண்டாம். கடலோர ஊர்களின் போர் தண்ணீரில் சோடியமும் குளோரைடும் இருக்கும். செடி இவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. நீங்கள் நிரப்ப நிரப்ப அவை தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும்.

இசியைவிட அதிகம் தொல்லை தருவது காரத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். காலையில் பிஎச் 6-க்குக் கொண்டுவந்தால் மறுநாள் 7.5-இல் நிற்பதற்குக் காரணம் இதுதான். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கேஎச் சொட்டுக் கரைசலால் வீட்டிலேயே அளக்கலாம். ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மி.கி. காரத்தன்மை. மாவட்ட மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் பரிசோதித்துத் தருவார்கள். கால்சியம், மக்னீசியம், சோடியம் அளவுகளும் அதில் தெரியவரும் என்பதால் தனி உப்பு கலக்க நினைப்பவர்களுக்கு அந்தத் தாள் மிகவும் உதவும்.

காரத்தன்மையை அமிலத்தால் அடக்குவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. லிட்டருக்கு 50 மி.கி. காரத்தன்மையைத் தீர்க்க, 100 லிட்டர் தொட்டிக்கு 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் ஏறத்தாழ 7 மி.லி. வேண்டும். அந்த 7 மி.லி. லிட்டருக்கு 31 மி.கி. பாஸ்பரசையும் கொண்டுவந்து சேர்க்கிறது. இலைக் காய்கறிக்கு மொத்தத் தேவையே 30 முதல் 40 மி.கி.தான். காரத்தன்மை 300 உள்ள போர் தண்ணீரில் 250-ஐத் தீர்த்தால் பாஸ்பரஸ் மட்டும் 155 மி.கி. ஆகிவிடும். இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் புது இலைகள் வெளுக்கும். இதை உரக் குறைபாடு என்று நினைத்து மேலும் உரம் ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்ட தண்ணீருக்கு எந்த விலையுயர்ந்த புட்டியும் தீர்வாகாது. தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் முதல் மழையை விட்டுவிட்டு, கூரை கழுவப்பட்டபின் வரும் நீரைப் பிடித்து மூடிவைத்தால் இதற்கு அதைவிட நல்ல நீர் கிடையாது.

மாத அளவு. தொட்டியின் கொள்ளளவோடு ஒரு மாதத்தில் மேல்நிரப்பும் நீரையும் கூட்டுங்கள். 40 லிட்டர் தொட்டிகூட மே மாதத்தில் 100 லிட்டர் குடித்துவிடும்.

பயிர். லெட்யூஸ், கீரை, துளசி வகைகள் போன்றவற்றுக்கு 1.0 முதல் 1.8 வரையிலான இசி போதும். தக்காளி காய்க்கும் காலத்தில் 2-க்கு மேல் கேட்கும், பொட்டாசியமும் கூடுதலாகக் கேட்கும். இலையும் காயும் ஒரே தொட்டியில் வளர்ந்தால் எந்தக் கரைசலும் இரண்டில் ஒன்றுக்குக் குறையாகத்தான் இருக்கும்.

கருவி. இசி மீட்டரும் பிஎச் மீட்டரும் எந்த வழிக்கும் தேவை. 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு தனி உப்புக்கு மட்டும் கட்டாயம். இசியைப் பிபிஎம் எண்ணாக (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) மாற்றிக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1.0 மில்லி சீமன்ஸை ஒரு நிறுவனத்தின் மீட்டர் 500 என்றும் இன்னொன்று 700 என்றும் காட்டும். ஒருவர் சொன்ன பிபிஎம் எண்ணை வேறொரு மீட்டரில் பின்பற்றினால் கரைசல் நாற்பது சதவீதம் கூடவோ, முப்பது சதவீதம் குறையவோ செய்யும். இசியிலேயே பேசிப் பழகிவிடுங்கள்.

## ஏ-பி திரவப் புட்டி

இரண்டு புட்டிகளாக வருவதற்கு வேதியியல் காரணம் உண்டு. அடர்த்தியான நிலையில் கால்சியம், சல்பேட்டோடு சேர்ந்தால் ஜிப்சமாகவும் பாஸ்பேட்டோடு சேர்ந்தால் கால்சியம் பாஸ்பேட்டாகவும் வெள்ளையாக அடியில் படியும். படிந்தது மீண்டும் கரையாது. அதனால் ஏ-யைத் தொட்டி நீரில் முழுக்கக் கலக்கியபின்தான் பி-யை ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒரே குவளையில் அளக்கவும் கூடாது.

லிட்டருக்கு இத்தனை மி.லி. என்று அளந்து ஊற்றினால் வேலை முடிந்தது. நுண்ணூட்டம் சரியான விகிதத்தில் உள்ளேயே இருக்கும். முதல் இரண்டு அறுவடைக்கு இந்த நிம்மதி முக்கியம். செடி வாடினால் காரணம் கலவையில் இல்லை, வெப்பத்திலோ பிஎச்சிலோ வேரிலோ இருக்கிறது என்று தேடலைச் சுருக்கிக்கொள்ளலாம்.

மறைமுகச் செலவு, நீங்கள் தண்ணீருக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள் என்பது. புட்டியின் விலையை அளவோடு ஒப்பிடாமல், அது எத்தனை லிட்டர் கரைசல் தரும் என்பதால் வகுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 2 மி.லி. ஊற்றச் சொல்லும் ஒரு லிட்டர் புட்டி 500 லிட்டர் தரும்; 5 மி.லி. ஊற்றச் சொல்வது 200 லிட்டரோடு தீர்ந்துவிடும். கடின நீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் தண்ணீரில் ஏற்கெனவே மக்னீசியம் இருந்தாலும் புட்டியில் இருப்பதைக் குறைக்க வழியில்லை. சேர்ந்தேதான் வரும்.

மாதம் 100 லிட்டருக்குள் கலக்கும் பால்கனித் தோட்டத்துக்கும், முதல் ஆறு மாதத்துக்கும் இதுவே என் பரிந்துரை.

## பொடியும் கால்சியம் நைட்ரேட்டும்

ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே வரும் நுண்ணூட்டம் கலந்த பொடி, தனியாகக் கால்சியம் நைட்ரேட், தனியாக எப்சம் உப்பு என்ற மூன்று பொட்டலங்கள். 4-18-38 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) வகைப் பொடியானால் 10 லிட்டருக்குப் பொடி 6 கிராம், எப்சம் 3 கிராம், கால்சியம் நைட்ரேட் 6 கிராம். இதே வரிசையில், ஒவ்வொன்றும் முழுதாகக் கரைந்தபின் அடுத்தது. இந்த முறையில் கால்சியம் கடைசி.

இந்த மூன்றும் சேர்ந்தால்தான் உணவு. பொடியில் தழைச்சத்து 4 சதவீதம்தான், மீதித் தழைச்சத்து கால்சியம் நைட்ரேட்டில் இருந்து வர வேண்டும். பொடியை மட்டும் போட்டுவிட்டு இசி சரியாக இருக்கிறதே என்று விட்டால் பத்து நாளில் அடி இலைகள் மஞ்சளாகும்.

பொடியில் பலரும் கவனிக்காத குறை ஒன்று: பல உப்புகளின் துகள்கள் கலந்த பை குலுங்கிக் குலுங்கி வரும்போது கனமானதும் நுண்ணியதும் பிரிந்துவிடும். மேல் கரண்டியில் இருப்பதும் அடிக் கரண்டியில் இருப்பதும் ஒன்றல்ல. 2 கிராம், 3 கிராம் என்று சிறிய அளவில் எடுக்க எடுக்க இந்த வித்தியாசம் பெரிதாகும். பையைக் கவிழ்த்துக் கலந்துவிட்டு, 60 கிராமாக எடுத்து ஒரு லிட்டரில் கரைத்து மூலக் கரைசலாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதிலிருந்து 10 லிட்டருக்கு 100 மி.லி.

மாதம் 100 முதல் 500 லிட்டர் வரை கலக்கும் மொட்டைமாடித் தோட்டங்களுக்கு இதுதான் பொருந்தும். தராசு சாதாரண சமையலறைத் தராசாகவே இருக்கலாம்.

## தனி உப்புகளை நாமே கலப்பது

செலவு மிகக் குறைவு. கட்டுப்பாடு மிக அதிகம். பொறுப்பும் அதே அளவுக்கு அதிகம்.

பெரும்பாலான சூத்திரங்களுக்கு வேர், 1938-இல் கலிபோர்னியாவில் ஹோக்லாந்தும் ஆர்னானும் வெளியிட்ட கரைசல். அதன் முழு வலிமையில் லிட்டருக்குத் தழைச்சத்து 210, பாஸ்பரஸ் 31, பொட்டாசியம் 235, கால்சியம் 200, மக்னீசியம் 48 மி.கி. நம் வெயிலில் இலைக் காய்கறிக்கு இது அதிகம். வெப்பத்தில் செடி உணவைவிடத் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவதால் கரைசல் தானாகவே அடர்த்தியாகிக்கொண்டு போகும். மென்மையாகத் தொடங்குவதே நல்லது. 100 லிட்டர் மென்னீருக்கு:

- கால்சியம் நைட்ரேட்: 60 கிராம்
- பொட்டாசியம் நைட்ரேட், 13:00:45: 30 கிராம்
- மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், 00:52:34: 15 கிராம்
- மக்னீசியம் சல்பேட், அதாவது எப்சம்: 30 கிராம்
- 12 சதவீத இரும்பு இடிடிஏ (இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் கீலேட் வகை): 1.7 கிராம்

இதில் தழைச்சத்து சுமார் 130, பாஸ்பரஸ் 34, பொட்டாசியம் 154, கால்சியம் 113, மக்னீசியம் 29 மி.கி. வரும். இசி ஏறத்தாழ 1.4, அதோடு உங்கள் தண்ணீரின் இசி.

நுண்ணூட்டங்களை நேரடியாக எடைபோட முடியாது. 100 லிட்டருக்கு வேண்டிய சோடியம் மாலிப்டேட் 0.013 கிராம்தான். அதனால் ஒரு லிட்டர் ஆர்ஓ நீரில் போரிக் அமிலம் 17 கிராம், மாங்கனீஸ் சல்பேட் 16, துத்தநாக சல்பேட் 9.5, மயில்துத்தம் 2, சோடியம் மாலிப்டேட் 1.3 கிராம் கரைத்து வையுங்கள். 100 லிட்டருக்கு 10 மி.லி. போதும். ஒரு லிட்டர் 10,000 லிட்டருக்கு வரும் என்பதால் வீட்டுக்குக் கால் பங்கு கலந்தாலே தாராளம். இதற்குப் பதிலாக இலைத்தெளிப்புக்கான நுண்ணூட்டக் கலவையை வாங்கிப் போட வேண்டாம். அவற்றில் பலவற்றில் துத்தநாகம் இரும்புக்கு நிகராகவோ கூடுதலாகவோ இருக்கும். கரைசலில் இரும்பு துத்தநாகத்தைப் போலப் பத்து மடங்கு இருக்க வேண்டும்.

மூலக் கரைசலாக வைக்க, 5 லிட்டர் ஏ கேனில் கால்சியம் நைட்ரேட் 300 கிராமும் இரும்பு 8.5 கிராமும், 5 லிட்டர் பி கேனில் பொட்டாசியம் நைட்ரேட் 150, மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 75, எப்சம் 150 கிராமும் நுண்ணூட்டக் கரைசல் 50 மி.லி.யும். லிட்டருக்கு ஒவ்வொன்றிலும் 10 மி.லி. வெளிச்சம் பட்டால் இரும்பு கீலேட் சிதையும். ஒளி புகாத கேனாக இருக்கட்டும்.

உரக்கடையில் தவறு நடக்கும் இடங்கள்:

போரான் கலந்த கால்சியம் நைட்ரேட். பை ஒன்றுபோலவே இருக்கும், கடைக்காரர் இது இன்னும் நல்லது என்றுதான் கொடுப்பார். மண்ணுக்கு நல்லதுதான். அதில் 0.2 முதல் 0.3 சதவீதம் போரான் இருக்கிறது. மேலே சொன்ன அளவில் போட்டால் லிட்டருக்கு 1.5 மி.கி. அளவுக்குப் போகும், தேவையைப் போல ஐந்து மடங்கு. முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகும்.

12:61:00. 00:52:34 இல்லை என்றால் இதைத் தருவார்கள். இது அம்மோனியம் பாஸ்பேட். பொட்டாசியம் துளியும் கிடையாது. அம்மோனியம் அதிகமானால் பிஎச் சரியும், சூடான நீரில் வேர் கெடும்.

இரும்பு வகை. இடிடிஏ இரும்பு பிஎச் 6.5-க்கு மேல் பிடி தளர்ந்துவிடும். கடின நீரில் பிஎச் ஏறிக்கொண்டே இருந்தால் டிடிபிஏ அல்லது இடிடிஎச்ஏ வகை வாங்குங்கள். இடிடிஎச்ஏ வகையில் இரும்பு பொதுவாக 6 சதவீதம்தான், எனவே அளவு இரட்டிப்பாகும். கரைசல் சிவக்கும், பயப்பட வேண்டாம்.

தண்ணீர்ப் பரிசோதனைத் தாள் கையில் இருந்தால் இந்த வழியின் உண்மையான பலன் தெரியும். உங்கள் நீரில் மக்னீசியம் 25 மி.கி. இருந்தால் எப்சத்தை 30-இலிருந்து 8 கிராமுக்கு இறக்கிவிடலாம். கால்சியத்தை மட்டும் இப்படி முழுதாகக் கழிக்காதீர்கள். கால்சியம் நைட்ரேட்டைப் பாதியாக்கினால் தழைச்சத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

மறைமுகச் செலவு, பயன்படாமல் கெடும் சரக்கு. மாதம் 100 லிட்டர் கலப்பவருக்கு ஒரு கிலோ மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் ஐந்து ஆண்டுக்கு மேல் வரும். அதற்குள் கால்சியம் நைட்ரேட் பை ஐப்பசி மழையின் ஈரத்தைக் குடித்துக் கூழாகியிருக்கும். ஈரம் ஏறிய உப்பை எடைபோட்டால் நீரையும் சேர்த்துத்தான் எடைபோடுகிறீர்கள். காற்றுப் புகாத டப்பா இல்லாமல் வாங்கவே கூடாது. பொட்டாசியம் நைட்ரேட் தீயை வளர்க்கும் பொருள். சமையலறையிலும், எண்ணெய், பெட்ரோல் அருகிலும் வைக்காதீர்கள். மாதம் 500 லிட்டரைத் தாண்டியவர்களுக்கும், கடின நீரோடு போராடுகிறவர்களுக்கும் மட்டுமே இந்தச் சிரமம் நியாயமானது.

## ‘ஆல் 19’

19:19:19 எல்லா உரக்கடையிலும் கிடைக்கும், நன்றாகக் கரையும், மலிவு. ஆனாலும் வேண்டாம். அதில் உள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. யூரியாவை அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்ற மண்ணில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, குழாயில் அந்த அளவுக்கு இல்லை. யூரியா மின்சாரத்தைக் கடத்தாததால் உங்கள் இசி மீட்டருக்கு அது தெரியவும் தெரியாது. எண் குறைவாகக் காட்டுகிறதே என்று மேலும் போடுவீர்கள். கால்சியமும் மக்னீசியமும் இல்லை. தொட்டிச் செடிக்கும் தென்னைநார்க் கழிவுப் பைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

## பஞ்சகவ்யம், மீன் அமிலம், மண்புழு நீர்

இவை மண்ணை வளர்க்கும் பொருட்கள். இவற்றின் சத்து செடிக்குச் சேர, நடுவில் நுண்ணுயிர்கள் வேலை செய்ய வேண்டும். சுழலும் தண்ணீரில் ஊற்றினால் அந்த நுண்ணுயிர்கள் வேருக்கு வேண்டிய ஆக்சிஜனையே குடிக்கும். சொட்டுக் குழாய் அடைக்கும், பம்பில் கூழ் படியும், மூன்றாம் நாள் நாற்றம் வரும். இயற்கை முறையில்தான் வேண்டும் என்பவர்கள் மண்ணும் தொழுவுரமும் கலந்த பையில் வளர்ப்பதே நேர்மையான வழி. அல்லது மீன் வளர்த்து, நுண்ணுயிர் வடிகட்டி வைத்து, அக்வாபோனிக்ஸாகவே தொடங்கலாம்.

## ஒரே பார்வையில்

| | ஏ-பி திரவம் | பொடி + கால்சியம் நைட்ரேட் | தனி உப்புகள் |
|---|---|---|---|
| பொருந்தும் மாத அளவு | 100 லிட்டருக்குள் | 100 – 500 லிட்டர் | 500 லிட்டருக்கு மேல் |
| லிட்டர் கணக்கில் செலவு | அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு |
| தராசு | வேண்டாம் | சமையலறைத் தராசு | 0.01 கிராம் தராசு |
| கடின நீருக்கு ஏற்ப மாற்றுவது | முடியாது | எப்சத்தை மட்டும் குறைக்கலாம் | ஒவ்வொன்றையும் மாற்றலாம் |
| தவறு நடக்கும் இடம் | ஏ, பி நேரடியாகக் கலப்பது | துகள் பிரிவது, கால்சியத்தை மறப்பது | தவறான பை, நுண்ணூட்ட எடை |
| மறைமுகச் செலவு | தண்ணீருக்குக் கொடுக்கும் காசு | மூன்று பொட்டலமும் ஒரே நேரத்தில் தீராது | ஈரத்தில் கெடும் சரக்கு |

## கலந்தபின்: நிரப்புவதா, கொட்டி மாற்றுவதா

எந்த வழியைத் தேர்ந்தாலும் அடுத்த குழப்பம் இதில்தான். தினமும் ஒரே நேரத்தில், முடிந்தால் காலையில், நீர்மட்டத்தையும் இசியையும் சேர்த்துப் பாருங்கள். மட்டம் இறங்கி இசி ஏறியிருந்தால் செடி தண்ணீரை அதிகம் குடித்திருக்கிறது; வெறும் நீர் ஊற்றுங்கள். மட்டமும் இசியும் சேர்ந்து இறங்கியிருந்தால் மூலக் கரைசல் தேவை. மட்டம் இறங்கி இசி மாறாமல் இருந்தால் அதே வலிமையில் கலந்து நிரப்புங்கள், கரைசல் அந்தப் பயிருக்குச் சரியாக அமைந்திருக்கிறது.

நிரப்பிக்கொண்டே இருப்பது நீரையும் உரத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் இசி மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் மூன்றையும் செடி வேகமாக எடுத்துவிடும். கால்சியம், சல்பேட், சோடியம் எல்லாம் தங்கும். மூன்றாவது வாரம் மீட்டர் அதே 1.4 காட்டினாலும் உள்ளே இருப்பது முதல் நாள் இருந்த கரைசல் அல்ல. மேல்நிரப்பிய நீரின் கூட்டுத்தொகை தொட்டியின் கொள்ளளவை எட்டியதும் முழுதாக மாற்றிவிடுங்கள். மழைநீரோ ஆர்ஓ நீரோ பயன்படுத்துகிறவர்கள் இதைவிட நீட்டிக்கலாம். போர் தண்ணீர் கலந்தவர்கள் 10 முதல் 14 நாளுக்கு மேல் இழுக்க வேண்டாம்.

பிஎச் 5.5 முதல் 6.5 வரை. மெதுவாக ஏறினால் செடி நைட்ரேட்டைச் சாப்பிடுகிறது என்று பொருள், அது இயல்பு. திடீரென இறங்கினால் வேரைத் தூக்கிப் பாருங்கள். பழுப்பாக வழவழவென்று இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் பிஎச்சை இறக்கும், ஆனால் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று முடித்ததும் ஓரிரு நாளில் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். பாஸ்பாரிக் அமிலத்தைப் பத்து சதவீதமாக நீர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். உரம் கலந்தபின் பிஎச் தானாகவே கொஞ்சம் இறங்கும் என்பதால் திருத்துவது எப்போதும் கடைசி வேலை. பிஎச் மீட்டரின் முனையைக் காயவிடாதீர்கள், ஆர்ஓ நீரிலும் ஊறவிடாதீர்கள். பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் கரைசலின் வெப்பம் எல்லாவற்றையும் மீறிவிடும். 20 டிகிரியில் நீர் லிட்டருக்கு 9 மி.கி. ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில் 7.6-தான், அதே நேரத்தில் வேரின் தேவையோ கூடுகிறது. தொட்டியை நிழலுக்கு மாற்றி, வெள்ளை அடித்து, காற்றுக்கல் இரண்டாகப் போட்டு, இசியை 1.0 பக்கம் இறக்குங்கள். லெட்யூஸின் உள்ளிலை நுனி கருகினால் கால்சியம் கூட்டுவது பெரும்பாலும் பயன் தராது. கால்சியம் கரைசலில் இருக்கிறது, இலை நுனிக்குப் போய்ச் சேரவில்லை. காற்றோட்டம் கொடுங்கள், வலிமையைக் குறையுங்கள்.

மாற்றும்போது வெளியேறும் பழைய கரைசலைச் சாக்கடையில் விட வேண்டியதில்லை. சம அளவு நீர் சேர்த்து வாழைக்கோ, செம்பருத்திக்கோ, முருங்கைக்கோ ஊற்றலாம். போர் தண்ணீரில் கலந்து பலநாள் ஓடிய கரைசலானால் சோடியம் சேர்ந்திருக்கும். ஒரே தொட்டிச் செடிக்குத் திரும்பத் திரும்ப ஊற்றாமல் தரையில் உள்ள மரங்களுக்குப் பிரித்து ஊற்றுங்கள்.